இலைக்கு விரித்த வேட்டி

பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டு முன்முற்றத்தில் ஒரு லிக்விடாம்பர் மரம் நிற்கிறது. அதன் அடிமரத்தில், என் இடுப்பளவு உயரத்தில், கோடாலி வெட்டுகள் இருக்கின்றன. பட்டை மூடப் பார்க்கிறது, முழுக்க மூடவில்லை. தெருவால் போகிற தமிழ்ச்சனம் சும்மா போகுமா? "என்னக்கா, ஆர் இதைக் கொத்தினது?" என்று நின்று கேட்கும். "நான்தான்" என்பேன். பொலிஸ்காரருக்கும் அதைத்தான் சொன்னேன். அது பொய்.

கோடாலி என் மனிசன் விட்டுப்போனது. என்னையும் வீட்டையும் விட்டுவிட்டுப் பிரிஸ்பேனுக்குப் போன அந்தப் பெரிய மனிதர், கொட்டிலில் ஒரு கோடாலியையும் அலுமாரியில் ஒரு எட்டு முழ வெள்ளை வேட்டியையும் மறந்துபோய் விட்டுவிட்டார். திருப்பி அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் கேட்டார். "வந்து எடுங்கோ, கோடாலியை எந்தப் பக்கத்தால தாறது எண்டு அப்ப யோசிப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் வரவில்லை. அந்த இரண்டு சாமானும்தான் 2012 மே மாதம் ஒரு சனிக்கிழமை பகல் என் முற்றத்தில் வெளியே வந்தன.

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் வேப்பிலை பழுக்கும், விழும், கூட்டி எரிப்போம், அவ்வளவுதான். இலை சாகிறதை ஆரும் பாராட்டிப் பேசிக் கேட்டதில்லை. இந்த நாட்டில் மே மாதம் இலையுதிர் காலம்; இந்த மரமோ சித்திரை கழிய ஒரு கிளையில் சிவக்கத் தொடங்கி, மே நடுவில் உச்சி முதல் அடி வரை சிவந்து நிற்கும். இலைக்கு ஐந்து விரல். காய் உருண்டை, சுற்றிலும் முள். வெறுங்காலோடு மிதித்தால் உயிர் போகும். கூரைப் பீலி முழுக்க இலை அடைத்து, மழை வந்தால் தண்ணீர் குசினி யன்னலால் உள்ளே வரும். அப்படியும் எனக்கு அந்த மரத்தில் பைத்தியம். வேலையால் களைத்து வந்து அதற்குக் கீழே கதிரை போட்டுக் குந்தினால்தான் நானும் ஒரு ஆள் என்ற நினைப்பே வரும்.

என்னோடு இருக்கிற என் தம்பிக்கு அதைக் கண்டாலே ஆகாது. முள்ளுக்காய் மரம் என்பான். மே மாதம் முழுக்க முன்வாசலால் வரமாட்டான். பின்பக்கத்தால் சுற்றி வந்து குசினிக்குள் ஏறுவான்.

அவன் 2010-இல் படகில் வந்தவன். தீவு முகாமில் கிடந்து, பிறகு வேறு முகாம்களில் கிடந்து, 2011 கடைசியில், கேஸ் முடியுமட்டும் வெளியே இருக்கத் தருகிற பிரிட்ஜிங் விசாவோடு என்னிடம் வந்து சேர்ந்தான். மனைவியை வன்னியில் ஷெல்லுக்குக் கொடுத்தவன். மிஞ்சிய ஒரே மகளை 2009 மே மாதம், போரின் கடைசிக் கிழமைகளில் பறிகொடுத்தான். மகளுக்கு ஆறு வயது. எப்படி என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருதரம் வாயெடுத்தேன். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் எறிந்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். பிறகு ஏன் கேட்கப் போகிறேன்?

அவனுடைய அகதிக் கேஸ் அப்போது இன்னும் முடியவில்லை. இன்டர்வியூ முடிந்து தீர்ப்புக்குக் காத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்காகக் கதைத்த வழக்கறிஞர் பெண்பிள்ளை, நல்ல சாந்தமான பிள்ளை, ஒரு விஷயத்தை மட்டும் மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னாள்: "அன்ரி, ஒரு சின்னப் பொலிஸ் பிரச்சனைகூட வரக்கூடாது. வந்துதெண்டா அவரைத் திருப்பி உள்ள போடுவாங்கள். அதுக்குப் பிறகு பிளேன்தான்."

பிளேன் என்றால் அவன் தப்பி வந்த அதே ஊருக்கு.

அந்த 2012 சித்திரை மாதம், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் இலை ஊதுகிற இயந்திரம் ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை அதை முதுகில் மாட்டிக்கொண்டு ங்ங்ங் என்று தொடங்கினார். வன்னியில் வேவு விமானத்தை வண்டு என்பார்கள். வண்டு சுற்றினால் பின்னால் ஷெல் வரும். தம்பி புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கோப்பையோடு மேசைக்குக் கீழே போனான். பிறகு நான் பிடிக்க முதல் வேலியால் பாய்ந்துவிட்டான். இயந்திரத்தைக் கிழவரின் முதுகால் பிய்த்தெடுத்து சீமெந்துப் பாதையில் அடி, அடி, அடி. நான் ஓடிப்போய்த் தம்பியின் கன்னத்தில் கிழவருக்கு முன்னாலேயே ஓங்கி ஒன்று விட்டேன். அப்போதுதான் நின்றான். கிழவர் வெளிறிப்போய், "இன்னொருதரம் இப்படி நடந்தால் பொலிஸைக் கூப்பிடுவேன்" என்றார். புது இயந்திரம் வாங்கிக் கொடுத்துக் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அன்று இரவு தம்பி, "ஏன் அக்கா அடிச்சனி?" என்று மட்டும் கேட்டான். அழுகை வந்துவிட்டது எனக்கு. "அடிக்காட்டி அவன் உன்னை அனுப்பிப்போடுவானடா" என்றேன்.

இந்த நிலைமையில் இருக்கிறவளுக்கு ஹைக்கூ ஒரு கேடா என்று நீங்கள் கேட்கலாம். அந்த மூன்று வரியும் இல்லாவிட்டால் நானும் எதையாவது உடைத்திருப்பேன்.

எங்கள் ஹைக்கூக் கூட்டம் சின்னது. திருச்சிப் பக்கத்து அங்கிள் ஒருவர், வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்று மகன் வீட்டோடு இருப்பவர், அவர்தான் வாத்தியார். மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம் அக்கா ஒருத்தி. அங்கே அக்காவை ராத்தா என்பார்கள், ஆகையால் எல்லோருக்கும் அவர் ராத்தா. துணிக்கடை வைத்திருப்பவர். இவர்களோடு நானும், வருவதும் வராததுமாக இன்னும் சிலரும். சனிக்கிழமைகளில் பூங்காவில் நடப்போம், நடந்து பார்த்ததை மூன்று வரியில் எழுதுவோம்.

இலையுதிர் காலத்துப் பூ என்றால் சாந்தமான பூ என்று நினைத்திருந்தேன். அங்கிள் வாயைத் திறந்தால் எல்லாப் பூவிலும் இரத்தம். கமேலியாப் பூ இதழ் இதழாக உதிராதாம். முழுப்பூவாகக் கழன்று பொத்தென்று விழுமாம். தலை வெட்டுண்டு விழுவது மாதிரி இருக்கிறது என்று யப்பானியப் போர்வீரர்களுக்கு அது ஆகாதாம். சிவப்புச் சிலந்தி லில்லியைச் சுடலையைச் சுற்றி நடுவார்களாம். கிழங்கில் நஞ்சு, பிணத்தைத் தோண்ட வருகிற மிருகம் கிட்ட வராது. பூக்கிறபோது இலை இராது, இலை வருகிறபோது பூ இராது, ஒன்றையொன்று கண்டதேயில்லையாம். கமேலியாவுக்கு நான் எழுதினேன்:

*கமேலியா*
*விழுந்த சத்தத்துக்கு*
*பூனை திரும்பிப் பார்க்கிறது*

ரயில் பாதையோரம் வேலிக்கரையில் நேரத்தோடு பூத்துவிட்ட முள்முருக்கைக் கண்டேன். எங்களுக்கு அது கலியாணவீட்டு மரம், பந்தலின் முதற்காலான கன்னிக்காலுக்கு நடுகிறது:

*இலையில்லாத முள்முருக்கு*
*சிவக்கச் சிவக்க நிற்கிறது*
*மாப்பிள்ளை எந்த ரயிலில்?*

இரண்டுக்கும் அங்கிள் தலையாட்டினார். அதற்குமேல் எனக்கும் அவருக்கும் ஒத்துவராது. "கோபத்தைச் சொல்லக் கூடாதும்மா. பாத்ததை மட்டும் வச்சுட்டு நகர்ந்துடணும்" என்பார். "பாத்தாத்தானே அங்கிள் கோபம் வருது" என்பேன். "அப்ப அது ஹைக்கூ இல்ல, சண்டை." "சண்டை எண்டே வச்சுக்கொள்ளுங்கோ." ராத்தா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பார்.

ஒருநாள் அவருக்கு நானும் ஒரு போடு போட்டேன். யப்பான்காரனுக்கு மட்டுமா பூ தெரியும்? எங்கள் ஆட்கள் சண்டையைப் பூவாலேயே பிரித்து வைத்தவர்கள். மாடு கவரப் போகிறவனுக்கு வெட்சி, அதை மீட்கப் போகிறவனுக்குக் கரந்தை, நாடு பிடிக்கப் போக வஞ்சி, கோட்டையை வளைக்க உழிஞை, நேருக்கு நேர் பொருதத் தும்பை, வென்றவனுக்கு வாகை. பூங்காவில் நின்று கையை நீட்டி நீட்டிச் சொன்னேன். அங்கிளே கைதட்டினார்.

அந்தச் சந்தோஷப் புளுகத்தில் வீட்டுக்கு வந்து, குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த தம்பிக்கும் சொன்னேன். கத்தியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் முடியக் கேட்டான்:

"தோத்தவனுக்கு என்ன பூ, அக்கா?"

அவன் வெங்காயத்தைச் சட்டிக்குள் தள்ளினான். அதோடு அன்றைய கதை முடிந்தது.

மே நடுவில் மரம் முழுக்கச் சிவந்தது. அடுத்த கூட்டத்தை என் முற்றத்தில் வைப்போம் என்று நானே வாயைக் கொடுத்தேன். தம்பிக்குக் கோழித் தொழிற்சாலையில் வேலை. பின்னேரம் நாலு மணி கழியத்தான் வருவான். மூன்று மணிக்குள் எல்லாரையும் அனுப்பி, இலையையும் கூட்டி அள்ளிவிடலாம் என்பது என் கணக்கு.

ஊரில் பவளமல்லி விடியப்புறம் தானாக உதிரும். நிலத்தில் விழுந்த பூ சாமிக்கு ஆகாது, பவளமல்லிக்கு மட்டும் விலக்கு. அப்படியும் மண் படக்கூடாதென்று மரத்துக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்து வைப்போம். எனக்கு அந்த யோசனை வந்தது. துணி விரித்தால் இலை விழ விழ ஆளுக்கொன்று எடுத்து, அந்த இலைக்கு ஒரு ஹைக்கூ எழுதலாமே! வீட்டில் பெரிய வெள்ளைத் துணி என்று என்ன இருந்தது? அந்தாளின் வேட்டிதான். எடுத்து உதறி மரத்தடியில் விரித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

ராத்தா படலையைத் திறந்து வந்தவர், வேட்டியைக் கண்டு அப்படியே நின்றார்.

"தங்கச்சி, வெள்ளத் துணிய இப்பிடி நிலத்துல போடாதீங்க. எங்களுக்கு அது கடைசி உடுப்பு. கண்டதும் மனசு திடுக்கிட்டுப் போச்சு."

"இது என்ர மனிசன்ர வேட்டி ராத்தா. நிலத்தில கிடக்கிறதுதான் அதுக்கு மரியாதை."

அங்கிள் சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை. செருப்பைத் தூரக் கழற்றிவிட்டு, வேட்டியில் கால் படாமல் கதிரையைத் தள்ளிப் போட்டு இருந்தார்.

காற்று மெல்லத்தான் அடித்தது. வேட்டியில் அங்கொன்று இங்கொன்றாக விழுந்தன, ஐந்து விரலோடு, சிவப்பாக. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் ஆளாக எழும்பி நின்று வாசித்தேன்:

*மேலே தீ*
*கீழே தீ*
*நடுவில் ஒருத்தி, விளக்குமாறோடு*

"தீன்னு சொல்லிட்டீங்க. அது தீ இல்லம்மா, இலை" என்று அங்கிள் தொடங்கினார். நான் பதில் கொடுக்க வாயைத் திறந்தேன். பின்கதவு அடிபட்டுச் சாத்துகிற சத்தம் கேட்டது. தம்பியின் தொழிற்சாலையில் ஏதோ இயந்திரம் பழுதாம். ஆட்களை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆட்களின் பேச்சுக் குரல் கேட்டு முன்கதவால் எட்டிப் பார்த்தான். படியில் நின்றபடியே கேட்டான்.

"உது என்ன?"

"இலையடா. நீ உள்ள போ, நான் வாறன்."

"துணியைக் கேக்கிறன். ஆர் விரிச்சது?"

"நான்தான்."

வீட்டைச் சுற்றிக் கொட்டில் பக்கம் போனான். கோபம் ஆற வழமையாக அங்கேதான் போவான், போகட்டும் என்று இருந்துவிட்டேன். கோடாலியோடு வந்தான்.

எங்கள் யாரையும் அவன் பார்க்கவில்லை. நேரே மரத்துக்குப் போனான். முதல் கொத்துக்கு மரம் முழுக்க அதிர்ந்து இலை பொலபொலவென்று வேட்டியில் கொட்டியது. அது அவனை இன்னும் கிளப்பிவிட்டது. "விழு! விழு! எல்லாம் விழு!" என்று கத்திக் கத்திக் கொத்தினான். ராத்தா "அல்லாஹ்!" என்று கதிரையோடு சரிந்தார். அங்கிள், பாவம், எழும்பிப் போய், "தம்பி, தம்பி, கொஞ்சம் கேளுங்க" என்று தோளைத் தொடப் பார்த்தார். அடுத்த கொத்தில் தெறித்த மரச்சிராய் அவர் நெற்றியைக் கிழித்தது. மூக்குக் கண்ணாடி எங்கேயோ போய் விழுந்தது. நெற்றியைப் பொத்திய விரல்களுக்குள்ளால் இரத்தம் வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

வேலிக்கு மேலால் கிழவரின் தலை தெரிந்தது. காதில் தொலைபேசி.

எனக்கு அந்தத் தொலைபேசி மட்டும்தான் கண்ணில் நின்றது. மரம் போகட்டும், வேட்டி போகட்டும், அங்கிளின் நெற்றிகூடப் பிறகு பார்க்கலாம். பொலிஸ் வந்து கோடாலியோடு இவனைக் கண்டால் எல்லாம் முடிந்தது. பின்னால் போய் அவன் கழுத்தைக் கட்டிப் பிடித்தேன். உதறினான். நிலத்தில் விழுந்தேன், முழங்கால் கிழிந்தது. திரும்ப எழும்பி அவன் கையைக் கடித்தேன். பல் பதியக் கடித்தேன், இரத்தம் என் நாக்கில் பட்டது. கோடாலி நழுவியது. எடுத்துக்கொண்டேன்.

"உனக்கு விசரே? பொலிஸ் வரப்போகுது! உள்ள போடா!"

அவன் உள்ளே போகவில்லை. வேட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் குந்தி, இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போடத் தொடங்கினான். தெருமுனையில் சைரன் கேட்டது. நான் என்ன செய்ய? கோடாலியை ஓங்கி நானே மரத்தில் கொத்தினேன். பொலிஸ் கார் வந்து நின்றபோது, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மூச்சிரைக்கக் கொத்திக்கொண்டிருந்தது நான்தான்.

கோடாலியைக் கீழே போடச் சொல்லிக் கத்தினார்கள். போட்டேன். ஓர் ஆணும் ஒரு பெண்ணும். மரத்தைத் தறிக்கிறேன், பீலி அடைக்கிறது, இவர்கள் என் விருந்தாளிகள் என்றேன். கிழவர் வேலிக்கு மேலால், "அவள் இல்லை, அவன், அந்த ஆள்!" என்று தம்பியைக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. "அவருக்குக் கண் தெரியாது" என்று நான் சத்தம் போட்டேன். பொலிஸ்காரி அங்கிளிடம் திரும்பி, நெற்றியில் யார் அடித்தது என்று கேட்டாள்.

ஒரு சொல்லைக்கூடப் பிசகாகச் சொன்னால் முகம் சுளிக்கிற மனிதர் அவர். இலையைத் தீ என்றதற்கே சண்டைக்கு வந்தவர். கைக்குட்டையை நெற்றியில் அழுத்திக்கொண்டு, சுத்தமான ஆங்கிலத்தில், "யாரும் அடிக்கவில்லை. இந்த அம்மாவுக்குக் கோடாலி பிடிக்கத் தெரியாது. நான் கிட்டப் போனது என் பிழை" என்றார். ராத்தாவும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

அவர்கள் என் பெயரை எழுதி, எச்சரித்து, கோடாலியைக் கொண்டுபோனார்கள். அந்தாள் விட்டுப்போனதில் ஒன்று அப்படி ஒழிந்தது. கிழவர் அன்று தொடக்கம் எங்களோடு கதைப்பதில்லை, அதில் எனக்கு அவர்மேல் கோபமும் இல்லை. தம்பிக்கு அடுத்த வருடம் விசா வந்தது. ஆனால் அந்தப் பின்னேரம் இன்னும் முடியவில்லை.

பொலிஸ் கார் திரும்பியதும் எனக்கு அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. "இரத்தம் மாதிரிக் கிடக்குது எண்டுதானே கொத்தினனி? இலையடா அது! வெறும் இலை! உன்னை அனுப்பியிருந்தாங்கள் எண்டா நான் என்னடா செய்வன்?"

தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"இலையில எனக்கு என்ன கோபம்?" என்றான். "பிள்ளையைப் போர்க்க ஒரு வெள்ளைத் துணி கேட்டு பங்கர் பங்கராத் திரிஞ்சனான் அக்கா. சீலையெல்லாம் மண்மூட்டையாத் தைச்சுப்போட்டினம். வெள்ளையா இருந்ததையெல்லாம் தடியில கொடியாக் கட்டிக்கொண்டு நிண்டவை. ஒருத்தரிட்டயும் இல்ல. என்ர இடுப்பில கட்டியிருந்த சறத்தாலதான் சுத்தினனான். அதுவும் கிழிஞ்சது. நீ எட்டு முழத்தை இலைக்கு விரிச்சிருக்கிறாய்."

அங்கிள் கையிலிருந்த தாளைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

ராத்தாதான் எழும்பி வந்தார். வேட்டியின் ஒரு தலைப்பைப் பிடித்து மெல்லத் தூக்க, மிச்ச இலையெல்லாம் வழுகி விழுந்தன. உதறினார். தம்பிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"தம்பி, எழும்புங்க. மகள் எவ்வளவு உசரம்?"

தம்பி எழும்பி நின்றான். கொஞ்சம் யோசித்தான். பிறகு கையை விரித்து, இடுப்புக்குச் சற்று மேலே, காற்றில் பிடித்துக் காட்டினான்.

ராத்தா வேட்டியின் நுனியை அவன் காலடியில் வைத்து, அவன் உள்ளங்கை வரை அளந்து, அதற்கு மேல் ஒரு சாண் கூட்டி விட்டார். கரையைப் பல்லால் கடித்து, சர்ரென்று கிழித்தார். நாலாக மடித்து அவன் மற்றக் கையில் வைத்தார்.

உயரம் காட்டிய கையை அவன் இறக்கவில்லை. அந்த உயரத்திலேயே கனநேரம் வைத்துக்கொண்டு நின்றான்.